கல்வராயன் மலையில் மருத்துவ சேவை

கல்வராயன் மலை தமிழ்நாட்டில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த பழங்குடிப் பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களை ஒட்டி அமைந்துள்ளது. இங்கு நவீன மருத்துவம் காலம் தாழ்ந்தே வந்தது. கரியாலூர் போன்ற மலை ஊர்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உருவாயின. மலையின் மேற்கில் உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் ஒரு மருத்துவத் தம்பதியர் தொடங்கிய பணி, உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கியது. இவ்விரு வழிகளும் சேர்ந்ததே இம்மலையின் மருத்துவ வரலாறு.

இடமும் மக்களும்

கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரு பிரிவாகச் சொல்லப்படும். கோமுகி ஆறு இம்மலையில் தோன்றுகிறது. அதன் குறுக்கே கட்டப்பட்ட கோமுகி அணை மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திற்கு அருகில் உள்ளது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் சாலை கரியாலூரையும் வெள்ளிமலையையும் இணைக்கிறது. வெள்ளிமலை ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். கரியாலூரில் காவல் நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் உள்ளன. சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு இவ்விரு ஊர்களே அரசு அலுவல்களுக்கான இடங்கள்.

இங்கு வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் அமைந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களின் வழிமரபுக் கதை. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களும் பிற்காலத்தில் மரவள்ளியும் இவர்களின் பயிர்கள். வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி அமையாமல், வயல்களை ஒட்டிச் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி இருக்கும். மருத்துவ சேவையின் வரலாற்றில் இந்தச் சிதறல் முக்கியமான கூறு.

ஜாகிர் காலம்

கல்வராயன் மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி நெடுங்காலம் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. ஜாகிர்தார்கள் மலைமக்களிடம் வரி வாங்கினர். கூலியில்லா உழைப்பையும் பெற்றனர். பிரிட்டிஷ் அரசு மலைக்கு வெளியிலிருந்த நிலத்தை நேரடியாக அளந்து வரி விதித்தபோதும் மலையின் உள்நிர்வாகத்தை இவர்களிடமே விட்டிருந்தது.

சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. எனினும் கல்வராயன் மலை ஜாகிர்கள் 1976-ல்தான் அரசின் முழுப் பொறுப்பில் வந்தன. பள்ளி, சாலை, மருத்துவமனை ஆகியவை இம்மலைக்குத் தாமதமாக வந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். சமவெளியில் 1950-களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கப்பட்டபோது, மலையில் அரசின் வருவாய் நிர்வாகமே முழுமையாக வேரூன்றியிருக்கவில்லை.

காய்ச்சலும் பழைய மருத்துவமும்

ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகளுக்குக் கல்வராயன் மலை காய்ச்சலுக்குப் பேர்போன இடம். சேர்வராயன் மலையில் ஏற்காடு குளிர்வாசத்தலமாக வளர்ந்தது. அங்கு காப்பித் தோட்டங்களும் ஐரோப்பியர் குடியிருப்புகளும் உருவாயின. கல்வராயனில் அவ்வாறு நிகழவில்லை. ஐரோப்பியர் தங்காத மலையில் அவர்களுக்கான மருத்துவமனையும் வரவில்லை, சாலையும் வரவில்லை. இந்திய அரசு 1953-ல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் அதன் தொடர்ச்சியாக வந்த ஒழிப்புத் திட்டம் ஆகியவற்றின் மூலம் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் மருந்து தெளிக்க இத்தகைய மலைப்பகுதிகளுக்குச் சென்றனர். பல மலை ஊர்கள் முதலில் பார்த்த அரசு மருத்துவப் பணியாளர் மருத்துவர் அல்லர், மருந்து தெளிப்பவரே.

மலைமக்களுக்கு அவர்களுக்கேயான மருத்துவம் இருந்தது. பச்சிலை வைத்தியர்கள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவு, விஷக்கடி ஆகியவற்றுக்கு மருந்தளித்தனர். பிரசவத்தை ஊரின் மூத்த பெண்களே பார்த்தனர். இயல்பான பிரசவத்தில் அவர்களின் அனுபவம் பயன்பட்டது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அவர்களால் செய்யக்கூடியது ஏதுமில்லை. அந்நிலையில் பெண்ணைக் கட்டிலிலோ மூங்கிலில் கட்டிய தூளியிலோ கிடத்தி ஆண்கள் தோள்மாற்றிச் சுமந்து மலையிறங்கினர்.

அரசு மருத்துவ அமைப்பு

இந்தியாவில் ஊரக மருத்துவத்தின் வடிவம் 1946-ல் வெளிவந்த போர் குழு அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. பணம் செலுத்த இயலாதவர் என்பதால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்பது அவ்வறிக்கையின் அடிப்படை. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கின. சென்னை மாகாணத்திற்கு இதில் ஒரு முன்னிலை இருந்தது. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககம் 1920-களிலேயே இங்கு இயங்கியது. 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. நோய் வந்தபின் சிகிச்சை அளிக்கும் துறையும், நோய் வராமல் தடுக்கும் துறையும் தனித்தனியாக இயங்கும் முறை தமிழ்நாட்டில் இன்றும் நீடிக்கிறது.

பிற்காலத்தில் மக்கள்தொகை அடிப்படையில் அளவுகள் வகுக்கப்பட்டன. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையமும் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் அமையவேண்டும். மலை, பழங்குடிப் பகுதிகளில் இது 20,000 பேருக்கும் 3,000 பேருக்கும் எனத் தளர்த்தப்பட்டது. இச்சலுகை பயன் தந்தது. ஆனால் சிக்கலை முழுவதும் தீர்க்கவில்லை. சமவெளியில் 5,000 பேர் இரண்டு மூன்று ஊர்களில் வாழ்வர். மலையில் 3,000 பேர் பல சிற்றூர்களில், ஓடைகளும் காடும் இடையிட்ட நிலப்பரப்பில் வாழ்கின்றனர். தலைக்கணக்கை மட்டும் கொண்டு வகுத்த அளவு, நடக்கவேண்டிய தொலைவைக் கணக்கில் கொள்ளவில்லை.

துணை சுகாதார நிலையத்தின் மையம் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்தல், தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, பிறந்த குழந்தையின் எடை, குடும்ப நலம், காசநோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தல் எனப் பணிகள் அவரிடமே சேர்கின்றன. சமவெளியில் மிதிவண்டியிலோ பேருந்திலோ முடியும் சுற்று, மலையில் கால்நடையாகவே முடியும். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் அதுவும் இயலாது.

மூன்று தாமதங்கள்

1994-ல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் பிரசவ மரணங்களை விளக்க மூன்று தாமதங்கள் என்னும் கருத்தை முன்வைத்தனர். மருத்துவ உதவி தேவை என முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம் ஆகியவை அவை. கல்வராயன் மலையில் இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்த்தன.

மலையிறங்க ஒரு நாள் கூலி போகும். உடன் செல்பவருக்கும் போகும். சமவெளி மருத்துவமனையில் மொழி ஒன்றாயினும் நடத்தப்படும் விதம் வேறாக இருக்கும் என்ற அச்சம் மலைமக்களுக்கு உண்டு. எனவே நோய் முற்றும்வரை காத்திருந்தனர். முற்றியபின் புறப்பட்டு வழியில் நேரம் இழந்தனர். வந்து சேர்ந்தவர்களில் பலர் இறந்ததால், மருத்துவமனைக்குப் போனால் திரும்புவதில்லை என்ற எண்ணம் ஊரில் உறுதியானது. அந்த எண்ணம் அடுத்த நோயாளியின் முதல் தாமதத்தை நீட்டித்தது. மருத்துவமனைக் கட்டடம் கட்டுவதால் மூன்றாவது தாமதம் மட்டுமே குறையும். மற்ற இரண்டையும் குறைக்க ஊருக்குள்ளேயே நம்பத்தக்க ஒருவர் தேவை.

சிட்லிங்கி

இந்தத் தேவைக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த முக்கியமான விடைகளில் ஒன்று கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலான சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் உருவானது. இது தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். மருத்துவ வசதி இல்லாத இடம் தேடி இந்தியாவின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்தபின் சிட்லிங்கியைத் தேர்ந்தனர். 1993-ல் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பைத் தொடங்கினர்.

அப்போது அரூரில் இருந்த மருத்துவமனைக்குச் செல்லவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டும். அறுவை சிகிச்சைக்கு அதைவிடத் தொலைவு. அமைப்பு தொடக்கத்தில் எடுத்த கணக்கின்படி, அப்பகுதியில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 1993-ல் இந்தியாவின் சராசரி 74. அதாவது தேசிய சராசரியைப்போல இரு மடங்கு.

முதல் மருத்துவமனை ஊர்மக்கள் கட்டித்தந்த கூரைக் குடிசை. ஒரு விளக்கின் வெளிச்சத்தில் புறநோயாளிகள் பார்க்கப்பட்டனர், பிரசவங்களும் நடந்தன. மூன்று ஆண்டுகளுக்குப் பின் 10 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அமைந்தது. பின்னர் அது 35 படுக்கைகள், அறுவை அரங்கு, பிரசவ அறை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, ஆய்வகம் ஆகியவற்றுடன் வளர்ந்தது. ரெஜி மயக்க மருந்தியலிலும் லலிதா மகப்பேறு மருத்துவத்திலும் பயிற்சி உடையவர்கள். அவசரப் பிரசவ அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது இவ்விரு திறன்கள் தேவை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது தொடக்க காலத்தில் பெரும் பயன் தந்தது.

உள்ளூர்ப் பணியாளர்கள்

இம்முயற்சியின் மையம் கட்டடம் அல்ல. வெளியிலிருந்து செவிலியர்கள் வந்து தங்கமாட்டார்கள் என்ற நிலையில், பள்ளிப்படிப்பு படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கப்பட்டது. இரத்த அழுத்தம் பார்த்தல், காயத்திற்குத் தையல் போடுதல், பிரசவம் பார்த்தல், அறுவை அரங்கில் உதவுதல், பொதுவான நோய்களைக் கண்டறிதல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். நோயாளிக்கு முதலில் முகம் காட்டுபவர் அவருடைய ஊரைச் சேர்ந்தவர், அவருடைய பேச்சைப் பேசுபவர் என்பது முதல் தாமதத்தைக் குறைத்தது.

இரண்டாவது நிலையில் ஒவ்வொரு ஊரும் தன் மூத்த பெண்களில் ஒருவரைத் தேர்ந்து அனுப்பியது. இவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் மதிப்பு உண்டு. கர்ப்பிணிக்கு எப்போது ஆபத்து, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலக்குவது, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டாமல் துணியில் சுற்றித் தாயின் மார்போடு அணைத்து வைப்பது ஏன், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்டவேண்டியது ஏன் என்பவை அவர்கள் கற்றுத்தந்தவை. எடை குறைந்த குழந்தைகளின் இறப்புக்கு உடல் குளிர்ந்துபோவதும் தொற்றும் நிமோனியாவும் முதன்மைக் காரணங்கள். இவற்றைத் தடுக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. தக்க நேரத்தில் அறிந்த ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 1990-களில் இதையே ஆய்வின் மூலம் நிறுவினர். பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பராமரிப்பதால் இறப்பு பெருமளவு குறையும் என்ற அவர்களின் முடிவு 1999-ல் லான்செட் இதழில் வெளியானது. நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் 1990 முதல் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடியினரையே செவிலியர்களாகவும் நிர்வாகிகளாகவும் பயிற்றுவித்தது. ஒரே காலகட்டத்தில் வெவ்வேறு பழங்குடிப் பகுதிகள் ஒரே விடையைக் கண்டடைந்தன.

சிட்லிங்கியில் குழந்தை இறப்பு 1,000-க்குச் சுமார் 20 என்ற அளவுக்குக் குறைந்ததாக அமைப்பின் கணக்குகள் கூறுகின்றன. பணி கல்வராயன் மலையின் சில ஊர்களுக்கும் விரிந்தது. நோயின் வேர் வருமானத்திலும் உணவிலும் இருப்பதால் அமைப்பு அத்துறைகளிலும் ஈடுபட்டது. இயற்கை வேளாண்மை செய்வோருக்கான சிட்லிங்கி ஆர்கானிக் ஃபார்மர்ஸ் அசோசியேஷன், லம்பாடிப் பெண்களின் தையல் கலையை மீட்ட போர்கை என்னும் கைவினைஞர் அமைப்பு ஆகியவை இதிலிருந்து தோன்றின. லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமிதம் என்று பொருள்.

அரசின் பிற்காலத் திட்டங்கள்

2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் மலைப்பகுதிகளுக்கு நிதியும் பணியாளர்களும் கொண்டுவந்தது. ஆஷா எனப்படும் ஊர்நிலைச் சுகாதார ஆர்வலர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பழங்குடி, மலைப்பகுதிகளிலேயே அமர்த்தப்பட்டனர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுழற்சி முறையில் செவிலியர்கள் பணியாற்றி 24 மணிநேரமும் பிரசவம் பார்க்கும் முறை வந்தது. 2008-ல் 108 அவசர ஊர்தி சேவை தொடங்கியது. தூளி கட்டிச் சுமக்கும் தொலைவு சாலை தொடும் இடம் வரை எனக் குறைந்தது.

மலைக்கெனவே அமைந்த ஏற்பாடு மகப்பேறு காத்திருப்பு அறை. பிரசவ நாளுக்குச் சில நாட்கள் முன்பே கர்ப்பிணி ஒரு துணையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்து தங்கலாம், உணவு அளிக்கப்படும். வலி வந்தபின் பயணம் செய்யும் ஆபத்தை இது நீக்குகிறது. ஆனால் வீட்டில் வேறு சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் இருக்கும் பெண்ணால் முன்கூட்டியே வர இயலாது. அறை இருந்தும் கடைசி நேரத்தில் புறப்படும் நிலை இதனால்தான் ஏற்படுகிறது.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை அளிக்கிறது. மாதந்தோறும் மலையிறங்கி வரவேண்டிய முதியவருக்கு இதன் பயன் நேரடியானது. மருத்துவர்களை மலையில் தங்கவைக்க, கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண்ணும், பணியிலிருப்போருக்கான ஒதுக்கீடும் தரப்பட்டன. மாநிலங்கள் இவ்வாறு ஒதுக்கீடு அளிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதிசெய்தது.

சாலையும் வனமும்

மலையில் மருத்துவத்தின் பாதி சாலையே. பாம்புக்கடிக்கான நஞ்சு முறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாலும், கடிபட்டவர் வந்து சேர்ந்தால்தான் பயன். பல சிற்றூர்களுக்கான பாதை காப்புக்காட்டின் வழியே செல்வதால் தார்ச்சாலை போட வனத்துறையின் இசைவு தேவை. 2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் இதற்கு எளிய வழி ஒன்றைத் தருகிறது. கிராம சபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி முதலிய வசதிகளுக்கு ஒவ்வொன்றிற்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்தலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபைக்கு இச்சட்டம் தெரிந்திருப்பதும் தீர்மானம் முறையாக எழுதப்படுவதும் ஓர் ஊரின் மருத்துவ வசதியைத் தீர்மானிக்கும் நிலை இதனால் உள்ளது.

2019-க்குப் பின்

தென்னார்க்காடு மாவட்டம் 1993-ல் பிரிக்கப்பட்டபோது கல்வராயன் மலை விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக 2022 ஜனவரி 12-ல் அது திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் சேலத்திற்கோ முண்டியம்பாக்கத்திற்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பப்பட்ட நோயாளிகளுக்கு மலையடிவாரத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிடைத்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கள்ளச்சாராயம் காய்ச்சும் இடமாகக் கல்வராயன் மலையின் பெயர் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கைநிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, கல்வி, மருத்துவம் ஆகியவை அதில் விசாரிக்கப்பட்டன. குற்றத்தின் பெயரால் அறியப்பட்ட மலையின் அடிப்படைத் தேவைகள், அக்குற்றம் நடந்தபின்னரே நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தன.

வரலாற்று இடம்

2020-ல் தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு வீதம் 1,000-க்கு 13. இந்தியாவின் சராசரி 28. தமிழ்நாடு இந்த நிலையை அடைந்ததற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களின் வலைப்பின்னல் முக்கியக் காரணம். மாநிலச் சராசரி மலை ஊரின் நிலையைக் காட்டுவதில்லை. சராசரிக்குள் மறைந்துபோகும் இடங்களில் ஒன்று கல்வராயன் மலை.

கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற அரசு அமைப்பு இல்லாமல் மலை முழுமைக்கும் தடுப்பூசியும் மருந்தும் சென்று சேராது. எந்தத் தன்னார்வ அமைப்பாலும் அவ்வளவு பரப்பை நிரந்தரமாகத் தாங்க இயலாது. சிட்லிங்கி காட்டியது வேறொன்று. அப்பகுதியின் மக்களே பணியாளர்களாகும்போது மருத்துவமனையின் மீதான அச்சம் நீங்குகிறது; பணியாளர் இடமாறுதல் பெற்றுச் சென்றுவிடுவதில்லை. கர்ப்பிணி எந்த நாளில் மலையிறங்கவேண்டும் என்பதை அவளுடைய ஊர்ப்பெண் ஒருத்தி அறிந்து சொல்வதும், இறங்கிவரும் இடத்தில் மருத்துவர் இருப்பதும் சேர்ந்தால்தான் தாயும் குழந்தையும் பிழைக்கின்றனர் என்பதே கல்வராயன் மலையின் மருத்துவ வரலாறு காட்டுவது.